ஸ்பேனரைக் கழுத்தில் பிடித்தவளுக்கு

அம்மா,

கிரீஸ் போகத் தேய்த்த மண்ணெண்ணெயின் வாசனை கையிலிருந்து போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுப்புச் சாம்பலால் தேய்த்தேன். சிகைக்காய்த் தூளும் போட்டுப் பார்த்துவிட்டேன். முகத்துப் பக்கம் கை வந்தாலே, சனிக்கிழமை மத்தியானங்களில் நீ மெக்கானிக் ஷெட்டிலிருந்து திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டது போல இருக்கிறது. தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தை பக்கத்தில் படுத்திருக்கிறாள். பெரிய விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள் என்று சிம்னி விளக்கைக் கொளுத்தித் திரியை இறக்கி வைத்திருக்கிறேன். செத்தவர்களோடு பேசக் கூடாது, பேசினால் வந்துவிடுவார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வந்தால் நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பயமாகிவிட்டது. நீ வந்து எதிரில் நின்றால் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியாது. எல்லாம் அப்படிக் குழம்பிக் கிடக்கிறது.

நாளைக்குக் காலையில் எனக்குக் கணக்குப் பரீட்சை. பொதுத்தேர்வுக்கு முன்னால் வைக்கிற திருப்புதல் பரீட்சை. அதே காலையில் ஷெட்டுக்கு வா என்று நைனா சொல்லியிருக்கிறார். பாத்திரக்கடை பாயின் காருக்கு டைமிங் கவர் முறுக்க வேண்டுமாம். நீ முறுக்க வேண்டியிருந்த அதே கவர். நீ கழற்றி வைத்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தாயே, அந்தக் கார் இன்னும் அப்படியேதான் நிற்கிறது, முகம் திறந்தபடி.

கவரை முறுக்குவது நீதான் என்பது நைனாவுக்கும் உனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். நான் லீவு நாட்களில் அங்கே சோறு தின்னும் சாக்கில் பார்த்ததால் எனக்கும் தெரியும். இது தொடங்கிய கதையை நீதான் சிரித்துச் சிரித்துச் சொல்வாய். ஷெட் போட்ட புதிதில் நைனா ஒரு வண்டிக்குக் கவர் மாட்டும்போது போல்ட்டை முறுக்கு முறுக்கு என்று முறுக்கி முறித்துவிட்டார். தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது, உடம்பு என்ஜினுக்குள்ளே தங்கிவிட்டது. அதைத் துளை போட்டு எடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நீ கொண்டு வந்த சோறு ஆறிப்போனது.

"உன் கைக்கு ரோடு ரோலர்தான்யா லாயக்கு" என்றாயாம்.

"ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசுறியே, நீ முறுக்குமே பாப்போம்" என்றாராம் அவர்.

நீ முறுக்கினாய். வண்டியை ஓடவிட்டு, கீழே காகிதம் விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் மற்ற வேலையெல்லாம் நைனா செய்வார். டைமிங் கவர் மட்டும் மத்தியானச் சோற்றுக்காகக் காத்திருக்கும்.

ஷெட்டின் முன்னால் தார்ப்பாயை இறக்கிவிட்டு நீ உட்காருவாய். யாராவது வந்தால் ஸ்பேனர் சோற்றுக்கூடைக்குள் போய்விடும், கரண்டி கைக்கு வந்துவிடும். ஒருநாள் பாய் திடீரென்று தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் கன்னத்தில் கிரீஸ்.

"இன்னாமா தங்கச்சி, கொழம்புல கிரீஸ் போட்டுக் கொதிக்க வெச்சியா?"

"உனக்கும் ஊத்தட்டா அண்ணே? வண்டி மாதிரி ஓடலாம்."

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நைனா சிரிக்கவில்லை. அவருக்கு வேர்த்துவிட்டது. மெக்கானிக் பொண்டாட்டியை வைத்து வேலை செய்கிறான் என்று ஊரில் பேசிவிட்டால் என்ன ஆவது என்ற பயம். வண்டியைக் கொடுக்கும்போது, "என் கை பட்டா பத்து வருசத்துக்கு ஒழுகாது" என்று அவர் சொல்லுவார். நீ பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாய். எனக்குக் கோபமாக வரும். உன் முகத்தைப் பார்ப்பேன். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

என்னை நீ ஸ்பேனரைத் தொடவே விட்டதில்லை. "எழுந்து போய்ப் படி" என்பாய். ஆனால் காதை மூட முடியாதே. நீ நைனாவிடம் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. நாளைக்கு இதுதான் பரீட்சை என்றால் நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

டைமிங் கவர் என்பது என்ஜினின் முகத்தை மூடும் அலுமினிய மூடி. உள்ளே செயின் எண்ணெயில் நனைந்து ஓடுகிறது. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் காகித பேக்கிங் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட்டுகள். எல்லாவற்றையும் முதலில் வெறும் விரலால் ஏற்ற வேண்டும். பிறகுதான் ஸ்பேனர். ஒரே போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால் அந்தப் பக்கம் பேக்கிங் நசுங்கும், எதிர்ப்பக்கம் மூடி தூக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்கி, இதற்கு ஒன்று அதன் எதிருக்கு ஒன்று என்று மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வர வேண்டும்.

நீ இப்படியா சொன்னாய்? நீ சொன்னது வேறு. "பந்தியில பரிமாறுற மாதிரிய்யா. எல்லா எலைக்கும் மொதல்ல கொஞ்சம் வெச்சிக்கினு போ, அப்பால திரும்பி வா. ஒரே எலையில கொட்டுனா எதிர்ல ஒக்காந்துக்கினு கீறவன் எழுந்து பூடுவான்." நைனா வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறி இருமினார்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். அதிகமானால் போல்ட்டைப் பிடிக்கிற மரை போய்விடும், அலுமினியம் தாங்காது. குறைந்தால் கசியும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று ஒரு ரெஞ்சு உண்டாம், இவ்வளவுதான் என்று அதுவே காட்டுமாம். நம் ஷெட்டில் நீதான் இருந்தாய்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ பார்த்திருக்க மாட்டாய்.

கழற்றிய போல்ட்டுகளை நீ எப்போதும் போல ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் குத்தி வைத்திருந்தாய். அட்டையில் கவரின் உருவம் வரைந்து, எந்த ஓட்டையில் இருந்ததோ அந்த இடத்தில் அந்த போல்ட். நீளமும் குட்டையும் கலந்து இருப்பதால் அந்த ஏற்பாடு. அந்த அட்டை ஷெட் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா அதைத் தொடவில்லை. பக்கத்தில் போகவும் இல்லை.

காரியத்துக்கு முந்தின நாள், மானாம்பதியிலிருந்து உன் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள் என்று அத்தை ஷெட்டைப் பெருக்கப் போனாள். அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ! மஞ்சா தடவுன பத்திரிகைடி இது. சாவு வுழுந்த எடத்துல, இரும்பக் குத்தி மாட்டி வெச்சிக்கினு கீறீங்களே! யாரு வூட்டுத் தாலியோ!"

எல்லா போல்ட்டையும் பிடுங்கி ஒரு பால்பவுடர் டின்னில் போட்டாள். அட்டையைக் கொண்டுபோய் ஏரித் தண்ணீரில் விட்டுவிட்டாள். யாரோ தெரியாத ஒரு பெண்ணின் தாலி கெட்டுவிடக் கூடாது என்றுதான் செய்தாள். கெட்ட எண்ணம் இல்லை. அதனால் அவளைத் திட்டவும் எனக்கு வரவில்லை. நைனா மாலையில் வந்து வெறும் ஆணியைப் பார்த்தார். "எங்கக்கா அது?" என்று மட்டும் கேட்டார். அத்தை சொன்னாள். அவர் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குட்டை ஓட்டையில் நீள போல்ட்டைப் போட்டால் அது அடியில் போய் முட்டிக்கொள்ளும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், மூடியைப் பிடித்திருக்காது. இன்னும் முறுக்கினால் என்ஜினே விரிசல் விடும். அது அவருக்குத் தெரியும். ஒன்றை எடுத்துப் பார்ப்பார், திரும்ப டின்னில் போடுவார். மற்ற வண்டிகள் வருவதும் நின்றுவிட்டது.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் டீ கொடுத்துவிட்டு வா என்று அத்தை என்னை ஷெட்டுக்கு அனுப்பினாள். பாய் அங்கே நின்றிருந்தார்.

"மெக்கானிக்கே, எம் பொண்ணுக்கு நாளு நெருங்கிக்கினு கீது. டாக்டரம்மா எப்ப வலி வந்தாலும் காஞ்சிவரம் இட்டுக்கினு வந்துடுன்னு சொல்லிட்டாங்க. நான் யாரு வண்டிய நம்பிக்கினு ஒக்காந்து இருக்கிறது?"

"நாளைக்குக் குடுத்துடறேன் பாய்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. பேஜாராக் கீதுப்பா." பாய் திரும்பி என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? தங்கச்சி இருந்திருந்தா இந்நேரம்..." அதோடு நிறுத்திக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறதா அம்மா? கன்னத்தில் கிரீஸைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டதா? தெரிந்தே நைனாவின் கையைப் புகழ்ந்துகொண்டிருந்தாரா?

பாய் போனதும் நைனா மறுபடியும் டின்னை எடுத்து வைத்துக்கொண்டார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் போய் பேக்கிங்கை வைத்தேன், கவரைப் பொருத்தினேன், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு போல்ட்டைத் திருகாமல் சும்மா சொருகினேன். சில தலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சில உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. நீட்டியதை எடுத்து உள்ளே போன இடத்தில் மாற்றினேன். மாற்றி மாற்றி வைத்ததில் எல்லாத் தலையும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டது.

"யாரு சொன்னது உனக்கு?" நைனா எழுந்தே விட்டார்.

"அம்மாதான் உன்கிட்ட சொல்லிக்கினு இருக்கும், நைனா. எல்லாத் தலையும் ஒரே ஒசரத்துல நிக்கணும்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பார்க்கிற மாதிரி இல்லை. போல்ட்டுகளை விரலால் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். ஸ்பேனரை எடுத்து நீட்டினார். நான் வாங்கி, எல்லாரும் பிடிப்பது போலக் கடைசியில் பிடித்தேன்.

"அங்க இல்ல பாப்பா. கழுத்துல புடி. உங்கம்மா கழுத்துலதான் புடிப்பா."

எனக்குப் புரியவில்லை. "இன்னா நைனா?" என்றேன். "குடு இப்டி" என்று வாங்கினார். போல்ட்டுக்குப் பக்கத்தில், ஸ்பேனரின் தலைக்குக் கீழே, கட்டைவிரலும் இரண்டு விரலுமாகப் பிடித்தார். அவ்வளவு பெரிய கை, ஒரு பென்சிலைப் பிடிப்பது போலப் பிடித்தது. திருப்பினார். போல்ட் போய் உட்கார்ந்தது. பேக்கிங்கின் ஓரம் மயிரிழை நசுங்கியது. அங்கேயே நிறுத்தினார்.

"இம்மாந்தான்" என்றார்.

அப்புறம் அவர் அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உடையவில்லை, மரை போகவில்லை. நீ முறுக்கியது போலவே இருந்தது. "சரியாக் கீதே நைனா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஸ்பேனரை எதிர்ப்பக்கம் திருப்பி அந்த போல்ட்டை முழுக்கத் தளர்த்திவிட்டார்.

"நாளைக்கு நீயே முறுக்கு. கார்த்தால வந்துடு. வெளிய யாருக்கும் சொல்ல வேணாம்" என்றார். குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் பரீட்சை இருக்கிறது என்று சொன்னேன்.

"பரீச்ச எங்கடி ஓடிப் போவுது? ஷெட்டு மூடுனா சோறு வருமா? அந்தக் கை உனக்கு வந்துருக்குதுன்னு தம்பி சொன்னான். பொட்டச்சிக்கு பத்தாவது போதும்னு நானும் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிரியமாகத்தான் ஊற்றினாள். நான் அதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

நாளைக்கு ஒரு காலைதானே என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் உனக்கும் ஒரு மத்தியானமாகத்தானே தொடங்கியது. பாயின் காருக்குப் பிறகு இன்னொரு கார் வரும். தார்ப்பாய் இறங்கும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெளியே நைனா "என் கை" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இதில் எதுவும் எனக்கு விளங்கவில்லை அம்மா. நைனாவுக்கு அந்தப் பிடி இன்றைக்குத்தான் வந்ததா? இத்தனை வருஷமும் எதிரில் உட்கார்ந்து உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படி வராமல் இருந்திருக்கும்? வந்திருந்தால், ஏன் ஒவ்வொரு வண்டியையும் மத்தியானம் வரை நிறுத்தி வைத்தார்? சீக்கிரம் கொடு என்று அவசரப்படுத்தினவர்களிடமெல்லாம் ஏன் திட்டு வாங்கினார்? உன் கை இல்லாமல் முடியாது என்றா, இல்லை நீ வராமல் இருந்துவிடுவாய் என்றா?

உனக்கும் தெரிந்திருந்ததா? ஒரு மழை நாள் ஞாபகம் வருகிறது. நீ சோற்றுக்கூடையைச் சாக்கால் மூடிக்கொண்டு வாசலில் இறங்கினாய். "இம்மாம் மழையில எங்கமே போற?" என்று அத்தை பக்கத்து வீட்டிலிருந்து கத்தினாள். "வண்டி நின்னுக்கினு கீது அண்ணி" என்று நீயும் கத்தினாய். வண்டி நிற்கிறது என்று சொன்னால் அத்தையால் ஒன்றும் பேச முடியாது. நீ தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடினாய். பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு ஓடுகிறவள் போல இருந்தாய்.

அப்படியென்றால் உனக்குப் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொரு நாள் வெடித்த விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இந்தக் கை என்னோட போவட்டும்" என்றாய். அலுப்பில் சொன்னாயா? எனக்காகச் சொன்னாயா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். அலுப்பாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒன்று மட்டும் தெரிகிறது. நைனாவால் முடியும். நான் கண்ணால் பார்த்தேன். முடிந்ததைப் பார்த்துத்தான் அவர் பயந்துவிட்டார். என்ன பயம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் எனக்குப் பழக்கமான பயம் அது. நீ போன பிறகு நான் முதல் தடவை தனியாகச் சோறு வடித்துக் குழையாமல் இறக்கியபோது, எனக்கும் சந்தோஷம் வரவில்லை. பானையை வைத்துவிட்டு அழுதேன்.

ஆகவே நாளைக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு, ஜாமெட்ரி பாக்ஸோடு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஷெட்டுக்குப் போகப் போகிறேன். நைனா ஸ்பேனரை நீட்டுவார். வாங்கிக் கழுத்தில் பிடிப்பேன். தவறாகத் திருப்புவேன், போல்ட் உட்காரும் முன்பே விட்டுவிடுவேன். "எனக்கு வரல நைனா. எங்க நிறுத்தறதுன்னு தெரியல. உனக்குதான் தெரியுது, நீயே முறுக்கு. எனக்கு மணி ஆவுது" என்று சொல்லுவேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். நடுங்குகிறது.

அவர் கோபப்படலாம். டின்னைத் தூக்கிக் கடாசலாம். அல்லது நான் தெருமுனை திரும்புவதற்குள் அவரே முறுக்கத் தொடங்கிவிடலாம். ஒன்று உடைந்தாலும் போல்ட் காஞ்சிபுரத்தில் கிடைக்கும்.

அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் ஸ்பேனரை எடுத்தேன் அம்மா. கழுத்தில் பிடித்து, அவர் தளர்த்திய அதே போல்ட்டைத் திருப்பினேன். போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இடத்தில், யாரோ உள்ளேயிருந்து என் விரலைப் பிடித்தது போல, போதும் என்றது. நிறுத்தினேன். குனிந்து பேக்கிங்கின் ஓரத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் அதைத் தளர்த்தி வைத்துவிட்டேன்.

வந்துவிட்டது. உனக்கு மட்டும் சொல்கிறேன். நைனாவிடம் வரவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன்.

அத்தை புரள்கிறாள்.